தோற்கிறவனின் வேலை

பழவேற்காட்டில் எங்களுக்கென்று ஒரு மல்யுத்தக் கம்பெனி இருந்தது. 1999, 2000 இரண்டு வருஷக் கோடை விடுமுறைகளிலும் நடந்து, பிறகு நின்றுபோயிற்று. எனக்கு அப்போது பதினொன்று, பன்னிரண்டு வயது. அப்பா அங்கே ஓர் அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. மற்றப் பையன்கள் எல்லோரும் ஏரிக்கரைக் குப்பங்களில் மீன்பிடிக்கிற வீடுகளைச் சேர்ந்தவர்கள். நான் ஒரு நாளும் கோதாவில் இறங்கியதில்லை. என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. யாரோடு யார் மோதுவது, யார் ஜெயிப்பது, ரத்தம் எப்போது வருவது எல்லாம் அதில் எழுதப்பட்டன. எழுதியவன் நான். சண்டை போட உடம்பில்லை, கையெழுத்து நன்றாக இருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு தகுதி எனக்கு இருக்கவில்லை.

டீக்கடை டி.வி.யில் அமெரிக்க மல்யுத்தம் பார்த்தோம். பெட்டிக்கடையில் டிரம்ப் கார்டு வாங்கினோம். உயரம், எடை, மார்பளவு, போட்ட சண்டைகள், ஜெயித்த சண்டைகள் என்று ஒவ்வொரு பயில்வானுக்கும் அதில் கணக்கு உண்டு. அண்டர்டேக்கர் ஏழு தடவை செத்துப் பிழைத்தவன் என்று அந்த நாளில் தேசம் முழுவதும் பையன்கள் நம்பினார்கள். எங்களுக்கு நம்புவது இன்னும் சுலபம். ஊரிலேயே டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள். எங்கள் அண்டர்டேக்கர் அந்தப் பக்கத்திலிருந்துதான் நடந்து வருவான்.

நாலு கழிகளை நட்டு, பழைய வலைக்கயிற்றைச் சுற்றிக் கட்டினால் கோதா தயார். ஈரமணல் கல் மாதிரி இருக்கும். காய்ந்த மணலில் கால் புதையும். அதனால் காலையிலேயே மண்ணைக் கொத்திப் புரட்டி வைப்போம். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தண்ணீரைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் முடிந்து இடுப்பில் செருகினால் ரத்தம். இது கூத்துக்காரர்களிடமிருந்து வந்த யோசனை. திரௌபதியம்மன் திருவிழாவில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் தொடையில் பீமன் அடிக்கும்போது சிவப்பு எப்படி வருகிறது என்று யாரோ ஒருவன் பார்த்து வைத்திருந்தான். குத்து விழும்போது காலால் தரையை ஓங்கி மிதிக்க வேண்டும், அப்போதுதான் சத்தம் வரும். விழும்போது தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, மூச்சை வெளியே விட்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழ வேண்டும். தலையோ முழங்கையோ முதலில் பட்டால் தொலைந்தது.

இதையெல்லாம் கண்டுபிடித்தவன் ஒருவன். அவனுக்கு எங்கள் கம்பெனியில் பெயர் கிடையாது. மற்றவர்களுக்கெல்லாம் கார்டிலிருந்து பெயர் எடுத்துக் கொடுத்தேன். அவன் வெறும் எதிராளி. மெலிந்த, நீண்ட கைகளுள்ள பையன். யாரோடு மோதினாலும் தோற்பான். அவன் விழுந்தால் பார்த்துக்கொண்டிருக்கிற சின்னப் பையன்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஒரு தரம் அவனுடைய பாட்டி, பேரன் போய்விட்டான் என்று நினைத்து மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அமெரிக்கத் தொழில்பாஷையில் இவனை ‘ஜாபர்’ என்கிறார்கள். தோற்பதையே வேலையாகக் கொண்டவன்.

குப்பத்தில் ஒரு கிழவர், தாரா சிங்கும் கிங்காங்கும் மோதியதை மெட்ராஸில் பார்த்ததாகச் சொல்வார். தாரா சிங் அனுமனாக டி.வி. ராமாயணத்தில் வந்ததற்கு ரொம்ப வருஷம் முந்தைய கதை இது. ஹங்கேரியரான கிங்காங், ஆசிய நகரங்களில் அரக்கனாகவே வாழ்ந்து, 1970ல் ஒரு கார் விபத்துக்குப் பின் சிங்கப்பூரில் இறந்தவர். கிழவர் தாரா சிங்கைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினால் கிங்காங்கைப் பற்றிப் பத்து வாக்கியம் பேசுவார். அந்த மலை சாய்ந்ததைத்தான் அவர் பார்த்திருக்கிறார். இது எனக்கு அப்போது புரியவில்லை.

இரண்டாவது வருஷம் அவன் என்னிடம் வந்து, “ஒரு தபா நான் ஜெயிக்கிறேண்டா, எழுது” என்றான். முடியாது என்றேன். நீ ஜெயித்தால் எவன் நம்புவான் என்று காரணமும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் நின்றான். “பாட்டுலகூட முறை வருது. உன் நோட்டுல வராதா?” என்றான்.

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்ற ஏற்பாடு உண்டு. இறால் நன்றாகக் கிடைக்கிற இடத்தை எவனும் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. தலைக்கட்டுகளுக்குள் சீட்டுப் போட்டு, யார் எந்த இடத்தில் எப்போது வலை கட்டுவது என்று முறை வைக்கிறார்கள். நல்ல இடம் கிடைத்தவனுக்கு அடுத்த முறை மோசமான இடம் வரலாம். முறையே வராமல் போவதில்லை. தலைக்கட்டில் சேராத வீடுகளுக்குப் பாடு இல்லை என்பதால் இதை முழு நியாயம் என்று கொண்டாட நான் தயாரில்லை. ஆனால் என் நோட்டில் இந்த அளவு நியாயம்கூட இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாம்பியனோடு அவன் மோத வேண்டியிருந்தது. கடைசியில் சாம்பியன் அவனைத் தலைக்கு மேல் தூக்கி அடிக்க வேண்டும். இந்த வித்தையில் பாதிக்கு மேல் தூக்கப்படுகிறவனுடைய வேலை. சரியான கணத்தில் அவன் தானாகக் குதிக்க வேண்டும். அன்றைக்கு அவன் குதிக்கவில்லை. சாம்பியன் இழுத்தான், தம் பிடித்தான், முகம் சிவந்தது. அவன் நட்ட கழி மாதிரி நின்றான். சின்னப் பையன்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். சாம்பியன் நிஜமாகவே அவன் வாயில் குத்தினான். ஆரத்தித் தண்ணீர்ப் பை இடுப்பிலேயே இருந்தது. உதட்டிலிருந்து வழிந்தது வேறு. அவன் என்னைப் பார்த்தான், சாம்பியனைப் பார்க்கவில்லை. அதோடு கம்பெனி முடிந்தது.

பி.ஏ. படிக்கும்போது ரோலண்ட் பார்த்தின் 1957ம் வருஷத்துப் புத்தகத்தில் மல்யுத்தம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இது விளையாட்டல்ல, காட்சி. முடிவு முன்பே தீர்மானமானதா என்பது பார்வையாளனுக்குப் பொருட்டே இல்லை என்பது அவர் வாதம். சரிதான். 1989ல் நியூ ஜெர்சியில், விளையாட்டுக் கமிஷனின் பிடியிலிருந்து தப்பிக்க, கம்பெனிக்காரர்களே இது கேளிக்கைதான் என்று அரசாங்கத்திடம் சொல்லிவிட்டார்கள். அப்படியும் கூட்டம் குறையவில்லை. ஆனால் பார்த் டிக்கெட் வாங்கி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதுகிறார். தோல்வி அவருக்கு ஒரு சமிக்ஞை. கொத்திப் போட்ட மணலில் அது ஒருவனுடைய முதுகு. 1999 மே மாதம், எங்கள் முதல் கோடையில், ஓவன் ஹார்ட் என்ற பயில்வான் கான்ஸாஸ் நகர அரங்கின் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்து இறந்தான். அதுவும் ஆட்டம்தான் என்று கூட்டத்தில் பலர் நினைத்தார்கள். மேற்கொண்டு சண்டைகள் நடந்தன.

விமர்சனம் எழுத ஆரம்பித்துப் பத்து வருஷமாகிறது. பகலில் பாங்க் கவுண்டர், ராத்திரியில் இது. நம்மைப் படிப்பவர்கள் சில நூறு பேர்; எழுதுபவர்களும் ஏறக்குறைய அவர்களே. இந்தச் சின்னக் கோதாவில் ஒரு கவிஞனைத் தூக்கிக் காட்ட இன்னொருவனைக் கீழே போடுகிற கட்டுரைகளை நான் எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றில், கீழே போட்டவனின் தொகுப்பைப் பாதிக்கு மேல் நான் படித்திருக்கவில்லை. தூக்கப்பட்டவனின் உயரத்தைக் காட்ட ஓர் எதிராளி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பழைய நோட்டும் அந்தக் கட்டுரையும் ஒரே கையெழுத்து என்பதை ஒப்புக்கொள்ளாமல் இனி யாருடைய தோல்வியைப் பற்றியும் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

போன வருஷம் ஒரு சாவுக்காகப் பழவேற்காடு போயிருந்தேன். அவன் படகு நிழலில் உட்கார்ந்து வலைப் பொத்தலைத் தைத்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் தலைக்கட்டு. பாட்டில் முறை உண்டு. “வாங்க சார்” என்றான். அந்த ‘சார்’ எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவனுக்கு அது நினைவில் இருப்பதாகத் தெரியவில்லை. அல்லது எனக்காக மறந்திருந்தான். பாட்டி மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்ததைத்தான் சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

“நல்லா விழுவேன் இல்ல சார்?”

ஆமாம் என்றேன். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஊர் திரும்பியதும் எடுத்துப் பார்த்தேன். ஜெயித்தவர்களின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன.