சேர், நானே வாசிப்பேன்

மார்கழி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவன் என் வீட்டுக்கு வந்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். தாய் கொழுந்து பறிப்பவள். பத்து வயதுக்குப் பிறகு பார்வை மெல்ல மங்கி, முற்றாகவே போய்விட்டது. விழிப்புலனற்றோர் பாடசாலையொன்றில் தங்கிப் படித்து, உயர்தரமும் சித்தியெய்தியிருந்தான். வெள்ளைப் பிரம்பை வாசலில் சாய்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்தான்.

"அந்த வேல போயிருச்சு சேர்" என்றான்.

அரச வேலையொன்றுக்கு விண்ணப்பம் கோரியிருந்தார்கள். அறிவித்தல் இணையத்தளத்தில் இருந்தது. அவனுடைய தொலைபேசி, திரையிலுள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும். ஆனால் அந்த அறிவித்தல் எழுத்தாக இருக்கவில்லை. கையொப்பமும் முத்திரையும் வைத்த தாளை அப்படியே படம்பிடித்துப் போட்டிருந்தார்கள். தொலைபேசி மௌனமாகிவிட்டது. விண்ணப்பப் படிவத்திலோ பொத்தான்களுக்குப் பெயரில்லை. "பட்டன்... பட்டன்..." என்று மட்டும் சொன்னதாம். கடைசியில், படத்தில் தெரியும் எழுத்துக்களைப் பார்த்துத் தட்டுமாறு கேட்டிருக்கிறது!

வேறு வழியின்றிக் கடைத்தெருவில் ஒரு கொமியுனிகேஷனுக்குப் போயிருக்கிறான். அடையாள அட்டை இலக்கத்தையும் கடவுச்சொல்லையும், நின்றவர்களெல்லாம் கேட்க, முன்பின் அறியாத ஒருவரிடம் உரக்கச் சொல்லி விண்ணப்பித்திருக்கிறான். வாசித்துக் காட்டியவர் அவசரத்தில் ஒரு பந்தியை விட்டுவிட்டார். இணைக்க வேண்டிய சான்றிதழ் பற்றிய விபரம் அந்தப் பந்தியில்தான் இருந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

"அடுத்த முறை என்னிடம் வா தம்பி, நான் வாசித்துக் காட்டுகிறேன்" என்றேன். பெரிய உதவி செய்வதாக எனக்கு நினைப்பு.

"சேர் நல்லாத்தான் வாசிப்பீங்க. ஆனா எத விட்டீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? எழுத்தா போட்டாங்கன்னா நானே வாசிப்பேன் சேர்."

எனக்கு அந்த அலுவலகத்தின் மீது கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவன் இன்னொன்றையும் காட்டினான். பழைய மாணவர் கூட்டத்துக்கென்று நான் தட்டச்சு செய்து அனுப்பிய அழைப்பு அது. தொலைபேசியை வாசிக்க விட்டான். 'மலையகம்' என்று நான் எழுதியதை அது 'கியாஃப்க்' என்பது போல ஏதோ உளறியது.

என் கை பாமினி எழுத்துருவில் பழகிய கை. உங்களில் பலருடைய கையும் அப்படித்தான். பாமினியில் நாம் 'ம' வைத் தட்டும்போது கணினி தனக்குள் 'கே' என்ற ஆங்கில எழுத்தையே வைத்துக்கொள்கிறது. அதன் மேல் தமிழ்ச் சட்டை மாட்டிவிடுகிறது, அவ்வளவுதான். சட்டை கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் தன் சொந்தப் பெயரோடு நிற்கிறது. பத்து விநாடியில் மாற்றியிருக்கலாம். நான் மாற்றவில்லை.

அன்றிரவு இஷாவுக்குப் பின் எண்பதாவது அத்தியாயமான அபஸ நினைவுக்கு வந்தது. குறைஷித் தலைவர்களோடு நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருக்கையில், பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) விளக்கம் கேட்டு இடையில் வந்தார். நபியவர்களின் முகம் சுளித்தது. அந்தச் சுளிப்பை அவர் கண்டிருக்க முடியாது. ஆயினும் இறைவன் அதைக் கண்டித்தான். கதை அங்கே முடியவில்லை. பின்னாளில் அவர் மதீனாவில் சுபஹுக்கு அதான் சொன்னார். நபியவர்கள் வெளியூர் சென்றபோது நகரின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குக் கிடைத்தது இரக்கமல்ல, இடம்.

நமது நாட்டின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் பொதுக் கட்டிடங்களுக்குள் நுழைவதைத் தடுக்கலாகாது என்கிறது. இன்று அலுவலகத்தின் வாசல் இணையத்தளமல்லவா? இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை இணையத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2000ஆம் ஆண்டிலேயே அவுஸ்திரேலியாவில் புரூஸ் மக்வயர் என்ற பார்வையற்றவர், சிட்னி ஒலிம்பிக் இணையத்தளத்தைத் தன்னால் வாசிக்க முடியவில்லை என்று முறையிட்டு வென்றார். அவருக்கு 20,000 டொலர் நட்டஈடு விதிக்கப்பட்டது. இந்திய உச்ச நீதிமன்றமோ 2025 ஏப்ரலில், இணைய அணுக்கம் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றே தீர்ப்பளித்தது.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலையுமல்ல. சுற்றுநிருபத்தைப் படமாகப் போடாமல் எழுத்தாகப் போடுவது. படத்துக்கு ஒரு வரி விளக்கம். பொத்தானுக்குப் பெயர். வாசிக்கும் மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கிறது. 2006இல் என்விடிஏவைத் தொடங்கிய மைக்கல் கரன் தாமே பார்வையற்றவர். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகளும் இன்று உண்டுதான். ஆனால் முடிவுத் திகதியில் ஓர் இலக்கம் பிசகினால் ஒரு வாழ்க்கையே பிசகிவிடும்.

மறுநாள் அழைப்பை யூனிகோடில் மீண்டும் தட்டச்சு செய்து, இப்போதாவது சரியா என்று கேட்டு அவனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

"நல்லா வாசிக்குது சேர்." சற்றுத் தயங்கினான். "மூனாவது பந்தியில 'விண்ணம்'னு இருக்கு. 'ப்ப' விட்டுப் போச்சு போல..."

பார்த்தேன். விட்டுத்தான் போயிருந்தது.