மூணு நூலும் ஒன்பதரை மில்லியும்

புது வால்வு கைடு சுத்தியல் படாமலே துளைக்குள் இறங்கியது. இறங்கியதோடு நிற்கவில்லை, அடிப்பக்கமாக வழுக்கி மேஜைமேல் ‘டொக்’கென்று விழுந்து உருண்டது. பட்டறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிராக்டர்காரர் முகத்தில் மட்டும் சிரிப்பு. வேலை இவ்வளவு சுலபமா என்று நினைத்திருப்பார்.

“அது அடிச்சு இறங்கணும் அண்ணா, விழக் கூடாது” என்றார் மேஸ்திரி.

சித்தூரில் பலமநேர் சாலையை ஒட்டிய லேத் பட்டறை அது. தகரக் கூரை, ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், சுவரோரம் விதவிதமான எஞ்சின் ஹெட்டுகள். மாதம் ஜூன். மற்ற ஊர்களில் கிளிமூக்கு என்றும் தோத்தாபுரி என்றும் சொல்லும் மாம்பழத்துக்கு இங்கே பெங்களூரா என்று பெயர். அது தோப்பிலிருந்து கூழ் ஆலைக்குப் போகும் பருவம். ஆலை வாசலில் டிராக்டர்கள் மைல் கணக்கில் வரிசை கட்டும். அந்த வரிசையில் நிற்க வேண்டிய ஒரு வண்டியின் மூன்று சிலிண்டர் ஹெட்தான் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது.

1911இல் தனி மாவட்டம் ஆகும்வரை வட ஆற்காட்டின் தலைமையிடமே சித்தூர்தான். அதனால் பட்டறையில் ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிவது யாருக்கும் உறுத்துவதில்லை. சண்டை வருவது அளவுகளில்தான்.

கைடு என்பது வால்வுத் தண்டு மேலும் கீழும் ஓடுகிற குழாய். ஹெட்டில் அது இறுகிப் பிடித்திருக்க வேண்டும். துளையைவிடக் கைடு ஒன்று அல்லது இரண்டு ‘தவ்’ பெரிதாக இருந்தால்தான் பிடி. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் வருவது ஒரு தவ், மில்லிமீட்டரில் 0.0254. இந்த எஞ்சினுக்குக் கைடின் வெளிச்சுற்று ‘அஞ்சு நூல்’. நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. அஞ்சு நூல் 15.875 மில்லி. மேஸ்திரி டெலஸ்கோப் கேஜை விட்டு, அதை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தார். துளை 16.38. இருபது தவ் கூடுதல்.

இதற்குமுன் யாரோ ஒருவர் அந்தத் துளையைப் பெரிதாக்கி, அதற்கேற்ற கைடு கடைந்து போட்டிருக்கிறார். அதை எங்கும் குறித்து வைக்கவில்லை. டிராக்டர் மூன்று கை மாறியது. வேலை செய்தவர் எந்த ஊர் என்பதும் இப்போதைய சொந்தக்காரருக்குத் தெரியாது. ஹெட் வேலையில் நாள்கணக்காக இழுப்பது எஞ்சினின் தேய்மானம் என்று நினைத்துத்தான் நான் போயிருந்தேன். பட்டறையில் உட்கார்ந்து பார்த்தபின் அந்த எண்ணம் மாறியது. தேய்மானத்துக்குப் புத்தகத்தில் மருந்து உண்டு. முன்னவர் கைவேலைக்கு எந்தப் புத்தகத்திலும் மருந்து இல்லை. ஓவர்சைஸ் கைடு ஐந்து தவ், பத்து தவ் என்று விசாரித்தால் கிடைக்கும். இருபதுக்கு எங்கே போவது?

கன்மெட்டலில் கடைந்தால் அன்றைக்கே முடிந்துவிடும்; கம்பி கையில் இருந்தது. ஆனால் கன்மெட்டல் சூட்டில் வார்ப்பிரும்பைவிட அதிகம் விரியும். அதற்கு ஏற்ப இடைவெளி விடாவிட்டால் புகைபோகும் பக்கத்து வால்வு பிடித்துக்கொள்ளும். “ஒரிஜினல் எதுவோ அதையே போடுவோம்” என்று வார்ப்பிரும்புக் கம்பிக்குச் சென்னைக்குப் போன் போட்டார் மேஸ்திரி. மறுநாள் பஸ்ஸில் வரும். டிராக்டர்காரர் தலையில் கைவைத்தார்.

அந்த ஒரு நாளில் எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருப்பதிக்குப் போய்வந்தேன்.

திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944இல் திறந்தது, இரண்டாவது 1974இல். இப்போது ஏறுவது புதிதில், இறங்குவது பழையதில். ஏறும் வண்டி முக்கால்வாசி நேரம் தாழ்ந்த கியரில், பாரத்தோடு, காற்றோட்டம் குறைந்து உறுமிக்கொண்டே போகிறது. மதனப்பள்ளி பக்கம் பாகராப்பேட்டை மலைப்பாதை, பெங்களூர் பக்கம் மொகிலி மலைப்பாதை என்று சுற்றிலும் ஏற்றங்கள். ரேடியேட்டரில் கூலன்டுக்குப் பதிலாக ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிப் பழகிய வண்டிகளில், உப்புப் படிந்து ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் வழி சுருங்கிப்போகும். ஏற்றத்தில் கொதிக்கும். ஓட்டுநர் பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீரை ஊற்றுவார். வால்வுகள் வந்து உட்காரும் இரண்டு சீட்டுகளுக்கு நடுவே, ஹெட்டின் மிக ஒடுக்கமான இடத்தில், மயிரிழை விரிசல் விழும். 2022 முதல் மலைப்பாதையில் மின்சாரப் பேருந்துகளும் ஓடுகின்றன. அவற்றுக்கு ஹெட்டும் இல்லை, கேஸ்கட்டும் இல்லை. “அது ஏறட்டும். பழைய வேன் இருக்கிறவரைக்கும் எங்களுக்கு வேலை இருக்கு” என்றார் ஆட்டோ நகரில் ஒரு மெக்கானிக்.

அவர் முன்னால் இருந்தது அலுமினிய ஹெட், காமன் ரெயில் டீசல். இங்கே பிரச்சினையின் முகமே வேறு. குளோ பிளக் கழற்றும்போது கழுத்தோடு முறிந்து, அடித்துண்டு உள்ளேயே நின்றுவிட்டது. பத்து மில்லி மரை, நுண் பிட்ச். துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்தார். அந்தச் சூட்டிலேயே இளகி வந்துவிடும் என்பது கணக்கு. இரண்டு முறை நட்டு மட்டும் தனியாகக் கையோடு வந்தது. மூன்றாவது முறை துண்டு அசைந்தது. அதற்கென்றே துளையிடும் கருவிப்பெட்டி உண்டு. வருஷத்துக்கு நாலு தடவை பயன்படும் பெட்டிக்கு யார் காசு போடுவது என்கிறார். நியாயம்தான்.

மற்ற கதைகளும் இதே ரகம். பழைய ஹெட் வளைந்திருந்தால் ஃபேசிங் போட்டுச் சமன்படுத்திவிடலாம். இந்தப் புது ஹெட்டுகள் பலவற்றில் மேற்பரப்பைச் சீவவே கூடாது என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று அளந்து, அதற்கேற்ற தடிமனில் கேஸ்கட் வாங்க வேண்டும். தடிமனைக் காட்ட அதன் ஓரத்தில் சின்ன வெட்டுக்கள் இருக்கும். உதிரிபாகக் கடையில் இருப்பதோ ஒரே தடிமன். ஹெட் போல்ட்டுகள் முறுக்கும்போதே சற்று நீளுகிறவை. கழற்றினால் மறுபடி போடக் கூடாது. பத்துக் கேட்டால் கவுண்டரில் ஏழு கொடுத்து, மூன்று திங்கட்கிழமை வரும் என்றார்களாம். ஏழு போல்ட்டும் காகிதத்தில் சுற்றியபடி அலமாரியில் காத்திருந்தன. முறுக்கிய பிறகு இன்னும் தொண்ணூறு டிகிரி திருப்ப வேண்டும். கோணமானி இல்லை, சாக்பீஸ் கோடு இருக்கிறது.

மறுநாள் சித்தூரில் கம்பி வந்து சேர்ந்திருந்தது. மேஸ்திரி கைடைக் கடைந்தார். வெளிச்சுற்று அச்சாக வந்தது. உள்துளையில்தான் அடுத்த முட்டுக்கட்டை.

இது அங்குலத்தில் பிறந்த எஞ்சின். 1840இல் மதராசில் தொடங்கிய சிம்ப்சன், 1950களில் பிரிட்டனின் பெர்கின்ஸ் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியது. 1955இல் லேலண்டோடு சேர்ந்த எண்ணூர் லாரிக்காரர்களும் அங்குலந்தான். ஜாம்ஷெட்பூரில் டாட்டா 1954இல் கைகோத்தது ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு. அங்கே எல்லாம் மில்லி. டாட்டா 697 என்ற பெயரிலேயே அது இருக்கிறது: ஆறு சிலிண்டர், 97 மில்லி போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம். 497 என்றால் அதே போர், நாலு சிலிண்டர். எடையளவுச் சட்டம் 1956இல் வந்து நாட்டை மெட்ரிக்குக்கு மாற்றியது. பட்டறை மேஜையை அது மாற்றவில்லை. லேலண்டு, டாட்டா, 1980களில் வந்த ஜப்பானிய ரகங்கள் எல்லாம் ஒரே மேஜைக்குத்தான் வருகின்றன.

வால்வுத் தண்டு ‘மூணு நூல்’ வகை, மைக்ரோமீட்டரில் 9.47 காட்டியது. கைடின் துளையை மூணு நூல் ரீமர் போட்டு 9.525க்கு முடித்தால் இடைவெளி இரண்டு தவ்வுக்குக் கொஞ்சம் மேல். சரியான கணக்கு. பெட்டியில் இருந்தது 9.5 மில்லி ரீமர். அதைப் போட்டால் இடைவெளி ஒரு தவ்தான் மிஞ்சும். கையால் தள்ளும்போது வழவழவென்று ஓடும் வால்வு, சூடேறியதும் மாட்டிக்கொள்ளும். மூணு நூல் ரீமர் எங்கே? போன வருஷம் யாரோ இரவல் வாங்கிப்போனது. வேலூருக்கு ஒரு பையன் பைக்கில் பறந்தான்.

ரீமர் வந்தது, துளை முடிந்தது. அடுத்து சீட் வெட்ட வேண்டும். சீட் கட்டர் தானாக நிற்காது. கைடுக்குள் இறுக்கமாக நிற்கும் பைலட் என்ற தண்டின்மேல்தான் சுழலும். கட்டர் செட்டில் உள்ள பைலட்டுகள் மொத்தமும் மில்லி அளவு. 9.5 பைலட்டைப் போட்டால் ஒரு தவ் ஆடுகிறது. விரலுக்கு அந்த ஆட்டம் தெரியாது, சீட்டுக்குத் தெரியும். மையத்திலிருந்து இரண்டு தவ் விலகினாலே வால்வு ஒரு பக்கமாக உட்கார்ந்து, மறுபக்கம் புகை கசிந்து விளிம்பு கருகும்.

மேஸ்திரி பேசவில்லை. பத்து மில்லி சில்வர் ஸ்டீல் கம்பி ஒன்றை லேத்தில் மாட்டினார். ஒரு முனை 9.50, மறுமுனை 9.55, கண்ணுக்குத் தெரியாத சரிவு. எமரித் தாளை எண்ணெயில் நனைத்துப் பிடித்து, மூன்று தடவை அளந்து, கைடில் செருகி லேசாகத் திருகினார். ஆப்பு மாதிரி நின்றது. முக்கால் மணி நேரம் ஆனது. பில்லில் அந்தப் பைலட்டுக்கு ஒரு வரி கிடையாது என்பது எனக்குத்தான் உறுத்தியது.

ஒரு சீட் முழுக்கத் தேய்ந்திருந்ததால் புது வளையம் அடிக்க வேண்டியிருந்தது. அது 40 மில்லி விட்டம், துளையைவிட 0.08 பெரிது. பக்கத்துக் கடை ஐஸ்கிரீம் பெட்டியில் முந்தின இரவே வளையத்தைப் போட்டுவைத்திருந்தார்கள். மைனஸ் பதினெட்டில் அது சுருங்குவது சுமார் 0.02, ஹெட்டை நூற்றிமுப்பது டிகிரிக்குச் சூடாக்கினால் துளை விரிவது சுமார் 0.04. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அந்தப் பாக்கிக்குத்தான் சுத்தியல். நாலு அடி. நாலாவது அடியில் சத்தம் மாறியது. அடியில் போய் உட்கார்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கட்டர் ஓடி, கிரைண்டிங் பேஸ்ட் போட்டு, வால்வு பூட்டிப் போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிவைத்தார்கள். கால் மணி நேரம் எல்லாரும் டீ குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொட்டவில்லை. டிராக்டர்காரர் தார்பாயை விரித்து ஹெட்டைத் தூக்கப் போனார்.

“இருங்கண்ணா” என்று நிறுத்தினார் மேஸ்திரி. கைடுக்குப் பக்கத்தில் இருபது என்று பதித்துவிடலாம், அடுத்தவர் திண்டாட வேண்டாம் என்று எண் பஞ்ச் பெட்டியைத் திறந்தார். ஒன்று இருந்தது, மூன்றிலிருந்து ஒன்பதுவரை இருந்தது. இரண்டைக் காணோம். கொஞ்சம் தேடிவிட்டு, சென்டர் பஞ்சை எடுத்து இரண்டு புள்ளி வைத்தார்.

“இது யாருக்குப் புரியும்?” என்று கேட்டேன்.

“புரியலேன்னா கேஜ் போட்டுப் பார்ப்பான்” என்று சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஹெட்டைக் கவிழ்த்தார்.