தில்லிக் குளிரில் இட்லி மாவு

சென்ற ஜனவரியில் ஒரு காணொளியைப் பார்த்து இட்லிக்கு மாவு அரைத்தேன். 4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு உளுந்து, அளவில் பிழையில்லை. 8 மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும் என்றார் அதில் சமைத்துக் காட்டிய சென்னைப் பெண்மணி. காலையில் மூடியைத் திறந்தேன். மாவு கரைத்து வைத்தபடியே கிடந்தது. ஆனாலும் அவித்தேன். இட்லிகள் கல்லாயின. என் மகன் ஒன்றைத் தரையில் உருட்டி விளையாடினான்!

மதுரையிலுள்ள அம்மாவிடம் தொலைபேசியில் முறையிட்டேன். “அங்கே இப்போது குளிர்காலமல்லவா?” என்று மட்டும் கேட்டார். மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு வெதுவெதுப்பு வேண்டும். தில்லியின் ஜனவரி இரவில் அது ஏது?

மறுமுறை வெதுவெதுப்பான நீர் விட்டுக் கரைத்து, பாத்திரத்தை ரஜாயால் சுற்றி வைத்தேன். 18 மணி நேரத்திற்குப் பின் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வழிந்திருந்தது. இட்லி பூப்போல வந்தது. ரஜாயைத் துவைத்து உலர்த்தத்தான் 3 நாள் ஆயிற்று.