மை படியாத கைகள்



1997ஆம் ஆண்டு எனக்கு வயது 43. கொழும்பில் ஓர் அச்சகத்தில் இருபத்தைந்து வருடங்களாக அச்சுக் கோப்பாளனாக இருந்தேன். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாகக் கோப்பது என் தொழில். அவை கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறியிருக்கும். அப்படியே வாசித்துப் பழகிய கண் எனக்கு.

ஒருநாள் முதலாளி அழைத்து, "இனி எல்லாம் கணனியில்தான்" என்றார். எழுத்துப் பெட்டிகளில் இருந்த ஈயம் நிறுவைக்கு விற்கப்பட்டது. நானும் வெளியே வந்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. காலையில் வழமைபோல் சாப்பாட்டுப் பார்சலுடன் புறப்பட்டு, பகலெல்லாம் அலைந்து, மாலையில் திரும்பினேன். எட்டாம் நாள் மனைவி கேட்டாள்: "இஞ்சாருங்க, ஒரு கிழமையா உங்கட கையில மையக் காணல்லியே?"

அன்றுதான் அழுதேன்.

உறவுக்காரப் பையன் ஒருவன் கணனியில் தட்டச்சு செய்யும் சிறு கடை வைத்திருந்தான். வயது பத்தொன்பது. அவனிடம் போய்க் கற்றுக்கொள்ளும்படி மனைவி வற்புறுத்தினாள். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு போனேன். பாமினி எழுத்துருவில் ஆங்கில 'எம்' விசையைத் தட்டினால் 'அ' வரும். எனக்கோ ஒரு வரிக்கு அரை மணி நேரம் சென்றது. பையனுடைய விரல்கள் பறந்தன. இனி நான் எதற்கும் உதவமாட்டேன் என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவன் ஒரு கலியாணக் கார்டை அச்சுக்கு அனுப்பத் தயாரானான். தாளை ஒருமுறை பார்த்தேன். "தம்பி, மணமகளுக்கு மூன்று சுழி 'ண' போடணும். இரண்டு சுழி போட்டிருக்கு" என்றேன்.

"நாலு தரம் பார்த்தேன் மாமா! எப்படிக் கண்டீங்க?"

அந்தக் கேள்விதான் என்னை நிமிர்த்தியது. போனது ஈயம் மாத்திரமே. பிழை பிடிக்கும் கண்ணும், வரிகளுக்கு இடையே எவ்வளவு இடம் விடுவது என்ற கணக்கும் என்னிடமே இருந்தன. அவன் எனக்கு விசைகளைச் சொல்லித் தந்தான். நான் அவனுக்கு எழுத்தைச் சொல்லிக் கொடுத்தேன். பின்னர் பக்க வடிவமைப்பும் பிழை திருத்தமும் செய்து இருபது வருடங்கள் உழைத்தேன். மூன்று பிள்ளைகளும் அதில்தான் படித்தார்கள்.

நாற்பதைத் தாண்டி வேலை இழந்து நிற்கும் சகோதரரே, சகோதரியே! தனியார் துறையில் ஓய்வுபெறும் குறைந்தபட்ச வயதை 60 ஆக்க 2021இல் நமது நாட்டில் சட்டம் வந்தது. அப்படியானால் 43 என்பது முடிவல்ல. இன்னும் 17 வருடங்கள் மீதி. பத்திரமில்லாமல் அனுபவத்தால் தொழில் கற்றவர்களும், முன் அனுபவத்தைச் சோதித்து வழங்கப்படும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழைப் பெறலாம். விசாரித்துப் பாருங்கள்.

அதற்கு முன் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். கருவி போன பிறகும் உங்கள் கையில் மிஞ்சியிருப்பது என்ன என்று எழுதிப் பாருங்கள். வேலை போன செய்தியை அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் வீணாக்கிய எட்டு நாட்களை நீங்கள் வீணாக்க வேண்டாம்.