எருமையும் அட்டையும்

அம்பத்தூர் ஏரியில் நான் நீந்தக் கற்றது எருமை வாலைப் பிடித்துக்கொண்டுதான். கரையேறினால் கெண்டைக்காலில் ஒன்றிரண்டு அட்டை தொங்கும். வாய் வைத்ததே தெரியாது.

"பிடுங்காதேடா, பல்லு உள்ளே தங்கிப்புடும்!" என்று ஆயா உப்போடு ஓடி வருவாள். ஆயாவின் வைத்தியத்தில் பாதி சரி, பாதி தப்பு. பிடுங்கக்கூடாது, வாஸ்தவம். ஆனால் உப்புப் பட்டால் அட்டை வயிற்றிலிருப்பதைக் காயத்திலேயே கக்கிவிடும். குடலில் இருக்கும் கிருமிகளும் கூடவே வரும். நகத்தை அடியில் கொடுத்து நெம்புவதே மேல். விழுந்த பிறகும் ரத்தம் மணிக்கணக்காகக் கசியும். ரத்தத்தை உறைய விடாத சரக்கு ஒன்று அட்டையிடம் இருப்பதை 1884இல் ஹேக்ராஃப்ட் என்பவர் கண்டார். அதற்கு ஹிருடின் என்று பிற்பாடு பெயர் வந்தது.

என் இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பில் மிச்சமிருப்பது கொஞ்சம். அதில் அட்டை உண்டு. மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி அறுத்தோமே, அது நம் ஊர் மாட்டட்டைதான். 33 கண்டம், 5 ஜோடிக் கண், 3 தாடை. ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில். ஒரு தரம் வயிறு நிறைந்தால் மாதக்கணக்கில் பசி கிடையாது. ஏரி வற்றினால் சேற்றில் புதைந்துகொள்ளும். முட்டைக் கூட்டை மட்டும் கரையோரத்து ஈர மண்ணில் இடும்.

சென்ற வருஷம் அக்காவின் காலில் ஆறாத புண். சித்த வைத்தியர், "அட்டை விடலாம்" என்றார். அக்காவுக்கு நடுக்கம். "நம்ம ஏரி அட்டைன்னா பயமில்லேடா" என்றாள்.

"அந்தத் தண்ணீர் அட்டை வேண்டாம்" என்றார் வைத்தியர். தொட்டியில் வளர்த்ததைத்தான் விடுவாராம். சுசுருதரும் அப்படித்தான், 12 வகை சொல்லி, அழுகின மீனும் தவளையும் கிடக்கும் நீரில் பிறந்ததை விஷமென்று ஒதுக்கிவிட்டு, தாமரை பூத்த தெளிந்த நீரில் இருப்பதையே எடுக்கச் சொல்கிறார்.

இருந்தும் மனசு கேட்கவில்லை. அக்காவிடம் காட்டவாவது ஒன்று வேண்டாமா? ஞாயிறு காலையில் வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில் நின்றேன். நீர் அசைந்தால் அட்டைக்குத் தெரியும். உடம்புச் சூடும் தெரியும். கலக்கிக் கலக்கிப் பார்த்தேன். அரைமணி போயிற்று. ஆகாயத்தாமரைதான் காலைச் சுற்றியது. எருமை இறங்காத ஏரியில், ஈர மண்ணெல்லாம் வீடாகிப் போன கரையில், அட்டை யாரை நம்பி இருக்கும்?

கரையில் நடந்துகொண்டிருந்த ஒருவர், "என்ன சார் தொலைஞ்சது, மோதிரமா?" என்றார்.

அட்டை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமாம்" என்றேன்.

அந்த நல்ல மனிதர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தாமும் இறங்கித் தேட ஆரம்பித்துவிட்டார்.