கெசிக் நகரில் உறங்கும் வீட்டு வண்டிகள்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், மலைகளும் வாவிகளும் நெருங்கிக் கிடக்கும் கம்பிரியாப் பகுதியிலே, கெசிக் என்னும் சிறு நகர் அமைந்துள்ளது. அதன் வடபால் 931 மீற்றர் உயரமான ஸ்கிடோ மலை. தென்பால் மூன்று மைல் நீளமும் ஒரு மைல் அகலமுமான டேர்வென்ற் வாவி. கோடையில் இவ்வூர் திருவிழாக் கோலம் பூண்டிருக்கும் என்பர். நாம் சென்றதோ கார்த்திகை மாதம். பிரயாணிகளின் கூட்டம் குறைந்திருந்தது. மலையுச்சிகளை முகில் மூடியிருந்தது. பிற்பகல் நான்கு மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருந்தது.

மழை மட்டும் குறையவில்லை. யாழ்ப்பாணத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர். கெசிக்கிலிருந்து பத்து மைலுக்குள் இருக்கும் சீத்வெயிற் என்ற குக்கிராமத்திலே பெய்வது 3,500 மில்லிமீற்றர் அளவில். இங்கிலாந்தில் மக்கள் குடியிருக்கும் ஊர்களுள் மிக அதிகமாக மழை பெறுவது அதுவே. (பென்சில் செய்யும் காரீயம் முன்னாளில் அகழப்பட்டதும் அவ்வூர் மலையிலேதான். காரீயத்துக்குப் பெயர்பெற்ற இலங்கையர் இதனை அறிந்துகொள்வது நன்று.) அதன் அயலிலுள்ள ஒனிஸ்ரர்க் கணவாயில் 2015 ஆம் ஆண்டு டிசம்பர் 5 ஆந் திகதி 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீற்றர் மழை கொட்டியது. அன்று கெசிக் நகரத் தெருக்களிலும் வெள்ளம் புகுந்தது. இத்தகைய நாட்டிலே ஈரத்தோடு போராடாமல் எவரும் ஒரு பொருளை வைத்திருக்க முடியாது.

எம் தமக்கையாரும் அவர் கணவரும் இளைப்பாறிய பின்னர் இந்நகரின் அருகே குடியேறியவர்கள். அத்தான் தமக்குக் கிடைத்த பணத்தின் பெரும் பகுதியைக் கொடுத்து ஒரு வீட்டு வண்டி வாங்கினார். ஆங்கிலேயர் இதனை மோட்டார் வீடு என்பர். சிறு லொறியின் அளவினதான வண்டிக்குள்ளே கட்டில், சமையலடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, நீராடும் அறை எல்லாம் அடக்கம். சித்திரை முதல் ஐப்பசி வரை இருவரும் ஸ்கொத்லாந்துக் கரையோரமெங்கும் அதிலே சுற்றித் திரிவார்கள். பின்னர் ஐந்து மாதம் வண்டி உறங்கும்.

அக்காவுக்குத் தொய்வு நோய் உண்டு. பூஞ்சணத்தின் கண்ணுக்குத் தெரியாத வித்திகள் மூச்சோடு உட்சென்றால் அவருக்கு இரவு முழுவதும் இழுப்புத்தான். வண்டியின் மெத்தையிற் பூஞ்சண மணம் ஏறினால் அக்காவால் அதிற் படுக்க முடியாது. வாழ்நாட் சேமிப்பு பயனின்றி முற்றத்தில் நிற்கும். எனவேதான் குளிர்காலம் வந்தால் அத்தான் அவ்வண்டியைத் தொட்டிற் பிள்ளை போலப் பார்க்கின்றார்.

அவர் வீட்டு ஒழுங்கை ஒடுங்கியது. ஆகையால் ஊர்ப்புறத்தில் செம்மறி வளர்க்கும் கமக்காரர் ஒருவரின் வளவிலே வாடகைக்கு இடம் பிடித்து வண்டியை நிறுத்தியிருந்தார். முப்பது வண்டிகள் வரை அங்கு வரிசையாய் நின்றன. மழைநாட்டிலே மாதக்கணக்கில் நிற்கும் வண்டியை இடுக்கு விடாமல் மூடிக் கட்டியிருப்பார்கள் என்றே எவரும் எண்ணுவர். அத்தானின் வண்டியோ கள்வர் புகுந்த வீடு போலக் கிடந்தது. அலுமாரிக் கதவுகள் எல்லாம் ஆவென்று திறந்திருந்தன. மெத்தைகளும் இருக்கைகளும் சுவரிலே முட்டாமல் நடுவிலே செங்குத்தாய் நிறுத்தப்பட்டிருந்தன. குளிர்சாதனப் பெட்டியின் கதவைச் சிறிது திறந்தபடி நிற்கச் செய்யும் கொளுவி மாட்டப்பட்டிருந்தது.

"என்ன அத்தான், எல்லாம் குலைஞ்சு கிடக்குது?" என்றோம்.

"குலையேல்லைத் தம்பி, மூச்சு விடுகுது," என்றார் அவர்.

அம்மூச்சின் பொருளை விளங்கிக்கொள்ள நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கெசிக்கிற்கு மேற்கே ஈகில்ஸ்பீல்ட் என்ற சிற்றூரில் 1766 இல் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவர் யோன் தாற்றன். அணுக்கொள்கையை வகுத்தவர் என்று எமது மாணவர் படிக்கும் அதே தாற்றன்தான். பன்னிரண்டு வயதிலேயே பாடஞ் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியவர். கெண்டல் நகரில் ஆசிரியராயிருந்தபோது, 1787 இல், நாள்தோறும் வானிலையைக் குறித்துவைக்க ஆரம்பித்தார்; 1844 இல் இறப்பதற்கு முதல் நாள் வரை, 57 ஆண்டுகள், அப்பழக்கத்தை விடவில்லை. 1793 இல் அவர் வெளியிட்ட வானிலை நூலில் கெசிக்கிலே பீற்றர் குரொஸ்வெயிற் என்பார் எடுத்த அளவீடுகளும் இடம்பெற்றன.

உப்பு நீரிற் கரைவது போல நீர் காற்றிலே கரைகின்றது என்று அக்காலத்து அறிஞர் பலர் கருதினர். தாற்றன் அதனை மறுத்தார். நீராவி காற்றோடு கலந்திருப்பினும் தனக்கெனத் தனி அழுத்தம் உடையது; எவ்வளவு நீராவி நிற்கமுடியும் என்பதை வெப்பநிலையே தீர்மானிக்கின்றது என்று காட்டினார். அவர் கையாண்ட முறை ஒன்று மிக எளியது. உயரமான கண்ணாடிப் பாத்திரத்தைப் புறத்தே நன்கு துடைத்து, ஊற்றிலிருந்து அப்போதே எடுத்த குளிர்ந்த நீரை அதில் ஊற்றுவார். வெளிப்புறத்திற் பனித்துளி படிந்தால் நீரை வெளியே ஊற்றிச் சற்றுச் சூடேற விடுவார். கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் ஊற்றுவார். துளி படியாது நின்ற வெப்பநிலையைக் குறித்துக்கொள்வார். அதுவே இன்று நாம் பனிபடுநிலை என்பது. இதனை எமது வகுப்பிலும் பலமுறை செய்து காட்டியதுண்டு. எம்மூர்க் கிணற்று நீருக்கு அந்தக் குளிர்மை இல்லை, பனிக்கட்டி இடவேண்டும்.

அத்தானின் வண்டி தாற்றனின் கண்ணாடிப் பாத்திரத்தைத் திருப்பி வைத்தது போன்றது. குளிர் வெளியே, நீராவி உள்ளே. 15 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 13 கிராம் நீராவியைத் தாங்கும். 5 பாகையில் 7 கிராமைக் கூடத் தாங்காது. எஞ்சியது எங்கே செல்லும்? ஆகக் குளிர்ந்த இடத்தைத் தேடி நீராய்ப் படியும். வண்டியில் அவ்விடம் பெரும்பாலும் சாரதியின் முன்கண்ணாடி. அடுத்தது சுவரோடு ஒட்டிய மெத்தையின் பின்புறம், காற்றுப் புகாத அலுமாரி மூலை, உலோகச் சட்டங்கள். 20 கன மீற்றர் இடமுள்ள வண்டியில் இவ்வாறு படியக்கூடியது 120 கிராம், ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான். இதற்கா இவ்வளவு அச்சம் என்று வாசகர் கேட்கலாம். காற்றிலுள்ளது மட்டுமே என்றால் அச்சமில்லை. மெத்தையும் திரைச்சீலையும் கம்பளமும் ஒட்டுப்பலகையும் கோடை முழுதும் குடித்துவைத்த ஈரம் வேறு இருக்கிறதே. வண்டிக்குள் இருவர் உறங்கும் ஓரிரவில் அவர்களுடைய மூச்சாலும் வியர்வையாலும் வெளிவருவதே அரை லீற்றருக்குக் குறையாது. பகலிலே வெயில் சற்று எறித்தால் மெத்தையின் ஈரம் காற்றுக்கு ஏறும். இரவிலே குளிர்ந்த கண்ணாடியிற் படிந்து வடியும். மறுநாளும் அதே கதை. பூட்டிய வண்டிக்குள் ஐந்து மாதம் இந்தச் சக்கரம் சுழல்கின்றது.

அதன் பயனை அவ்வளவிலேயே கண்டோம். அடுத்த வரிசையில் நின்ற வண்டியொன்றின் சொந்தக்காரர், மழைக்கு அஞ்சி, காற்றுத் துவாரங்கள் யாவற்றையும் ஒட்டுநாடாவால் அடைத்து, வண்டி முழுவதையும் பிளாஸ்திக்குப் படங்கினாற் போர்த்தி விட்டாராம். நடுக்குளிரில் ஒருநாள் வந்து பார்த்தபோது உள்ளே ஈரம் சொட்டியது. அதை உலர்த்துவதற்கு வாயு அடுப்பை மூட்டினாராம்! ஒரு கிலோகிராம் புரப்பேன் வாயு எரிந்தால் 1.6 கிலோகிராம் நீராவி பிறக்கின்றது. இரசாயனச் சமன்பாடு எழுதத் தெரிந்த மாணவர் எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். உலர்த்த வந்தவர் நீர் வார்த்துப் போனார். அதனினும் கொடியது, அடைத்த வண்டியில் அடுப்பெரித்தால் காபனோரொட்சைட்டு என்னும் மணமற்ற நச்சுவாயு ஆளையே கொல்லக்கூடும். அன்னார் உயிரோடு மீண்டது அதிர்ஷ்டம். வசந்தத்தில் வண்டியைத் திறந்தபோது மெத்தைகளிற் கரும்புள்ளி. கட்டிலின் கீழ்ப் பலகை விரலால் அமுக்க உள்ளே போயிற்று. வாங்கிய விலையின் சிறு பங்கிற்குத்தான் அது விலைபோகும் என்று அத்தான் வருந்திச் சொன்னார்.

துவாரங்களைப் பற்றி இன்னும் ஒன்று. தரைமட்டத்திலுள்ள துவாரம் காற்றுக்காக மட்டும் அமைந்ததன்று. சமையல் வாயு காற்றினும் பாரமானது. கசிந்தால் தரையிலே தேங்கும். அது வெளியேறும் வழியே இத்துவாரம். எலி புகும் என்று அஞ்சுவோர் மெல்லிய கம்பிவலை இடலாமேயன்றி அடைத்தல் ஆகாது.

எனினும் ஓர் ஐயம் எமக்குத் தோன்றிற்று. வெளியேயுள்ள காற்றும் ஈரமானதுதானே. அதை உள்ளே விடுவதால் என்ன பயன்? குளிர்காலத்து ஆங்கிலக் காற்று நிறைகுடம் போன்றது என்பது மெய். ஆனால் குடம் சிறிது. தை மாதத்து 5 பாகைக் காற்றில் உள்ள நீர் மிகக் கொஞ்சம். வண்டிக்குள் புகுந்து ஓரிரு பாகை சூடேறினாலும் அது தாகமுள்ள காற்றாகி, உள்ளீரத்தைப் பருகிக்கொண்டு மறுபுறத்தால் வெளியேறும். அன்றியும், உள்ளும் புறமும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் துளி படிவதற்குரிய குளிர்முகம் அரிதாகிவிடும். ஒரேயொரு காலம் விலக்கு. பல நாள் உறைபனிக்குப் பின் திடீரென வெதுவெதுப்பான மூடுபனி வந்தால், வண்டியின் உலோகம் இன்னும் குளிர்ந்திருக்கும். அன்று கதவைத் திறந்தால் ஈரத்தை அழைத்து உபசரித்ததாகும். கதவுகளை அகலத் திறந்து வைப்பதற்கு அத்தான் தெரிவது உலர்ந்த காற்று வீசும் நாளையே. இரு கிழமைக்கு ஒருமுறையாவது அப்படி ஒரு நாள் அகப்படுமாம். அன்று வண்டியைச் சிறிது முன்னும் பின்னும் நகர்த்தி வைப்பார். சில்லுகள் ஒரே பக்கத்தில் அழுந்தக் கூடாதல்லவா.

அவர் இதைச் சொன்னபோது எமது நினைவு கொக்குவிலிலுள்ள அவர்களுடைய வீட்டுக்குச் சென்றது. அதன் திறப்பு எம்மிடமே இருக்கின்றது. எம் நாட்டில் இன்று இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை! பழைய கொத்தனார் யன்னலுக்கு மேலே காற்றுத் துவாரம் வைத்துக் கட்டிய வீடு அது. மாரியிலே சுற்றுப்புறமெல்லாம் ஊறிக் கிடந்தாலும், கிழமைக்கு ஒருநாள் யன்னல்களைத் திறந்துவிட்டால் உள்ளே மணம் ஏறுவதில்லை. அயலிலே புதிதாய்ப் பெருஞ் செலவிற் கட்டப்பட்டு, கண்ணாடி யன்னல்களை இறுக்கி மூடிவிட்டுப் பிறநாடு சென்றவர்களின் வீடுகளிலே சுவர் பச்சை பூத்திருக்கின்றது.

வண்டிக்கு மீள்வோம். குழாய்களிலுள்ள நீர் முழுவதும் வடிக்கப்படவேண்டும். நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும். குழாயும் கொதிகலமும் வெடிப்பது அதனால்தான். தொட்டியைத் திறந்துவிட்ட பின்னரும் குழாய் வாய்களைச் சுடுநீருக்கும் தண்ணீருக்கும் நடுவே திருப்பித் திறந்தபடியே விட்டிருந்தார் அத்தான். கூரையைக் கழுவிப் பாசி நீக்கி, மூட்டுக்களில் இறப்பர்ப் பசை வெடித்திருக்கின்றதா என்று ஐப்பசியிலேயே பார்த்துவிட்டார். கூரையில் நீர் தேங்காதவாறு வண்டி ஒருபக்கம் சற்றுச் சரிந்து நின்றது. போர்வை இடுவதாயின் ஆவி புகுந்து வெளியேறும் துணியே தகும் என்பது அவர் முடிவு.

ஈரத்தை உறிஞ்சும் கல்சியங் குளோரைட்டுப் பெட்டியைப் பற்றி மட்டும் வீட்டில் இரு கட்சி. அக்கா நான்கு வாங்கி மூலைக்கொன்றாய் வைத்திருந்தார். காற்றோடும் வண்டியில் அது கம்பிரியா முழுவதையும் உலர்த்த முயல்கிறது என்று அத்தான் நகைப்பார். இருவர் சொல்லிலும் உண்மையுண்டு. மூடிய அலுமாரியொன்றுக்குள் அது பயன்படும், திறந்த கூடத்தில் அன்று. நிரம்பிய நீரை ஊற்ற மறந்தால் கவிழ்ந்து கம்பளத்தையும் கெடுக்கும். மின்சாரம் உள்ள இடமாயின் ஈரநீக்கும் பொறி வைக்கலாம். அப்போது யன்னலை மூடிவைக்கலாம், ஆனால் வாயுவுக்கான துவாரங்களை அன்று. குளிரில் இயங்கும் வகையையே தெரியவேண்டும். சாதாரண அமுக்கிப் பொறி 10 பாகைக்குக் கீழே சோம்பிவிடும். கமக்காரர் வளவில் மின்சாரமில்லை என்பதால் அவ்வழக்கு அத்துடன் நின்றது.

நாம் ஊர் திரும்பிய பின், பங்குனி மாதத்திலே அத்தானிடமிருந்து செய்தி வந்தது. இரு முள் கொண்ட ஈரமானியைச் சுவரிலே பதித்து அளந்தாராம். 15 க்குக் கீழ் நின்றால் கவலையில்லை. 20 ஐக் கடந்தால் எங்கோ நீர் புகுகின்றது என்பது அத்தொழிலறிந்தோர் கணக்கு. பெரும்பாலும் 11, 12 காட்டிற்றாம். இடப்பக்கப் பின்மூலையில் மட்டும் 17. அங்கே பழைய பசையைச் சுரண்டிப் புதிதாய் இட்டுக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தார். அக்கா மெத்தைகளை ஒவ்வொன்றாய் முகர்ந்து பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டிருக்கிறாராம்.