கல்லாவின் பின்னே இருந்த அலமாரி



நம்மில் பலர் மருந்து வாங்கச் செல்லும் சிவிஎஸ் நிறுவனம், 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஏறத்தாழ 7,600 கடைகளிலும் அக்டோபர் 1 முதல் புகையிலை விற்கப்படமாட்டாது என்பதே அது. குறித்த நாளுக்கு முன்னதாகவே, செப்டம்பர் 3-ஆம் தேதி, கல்லாவின் பின்னே இருந்த சிகரெட் அலமாரிகள் காலியாயின. அன்றே தன் பெயரோடு ‘ஹெல்த்’ என்ற சொல்லையும் அந்நிறுவனம் சேர்த்துக்கொண்டது. ஆண்டுக்குச் சுமார் 200 கோடி டாலர் விற்பனை குறையும் என்று அதுவே கணக்கிட்டிருந்தது.

அதற்கு முன்பிருந்த நிலையை, வேறொரு மருந்தகத்தில் பணிபுரிந்த சகோதரி ஒருவர் என்னிடம் இவ்வாறு விவரித்தார்: “கடையின் உட்புறத்தில் நான் மூச்சுத்திணறலுக்கு இன்ஹேலர் கொடுப்பேன், ஐயா. வாசலருகே உள்ள கல்லாவில் அதே மனிதர் சிகரெட் வாங்கிக்கொண்டு போவார். இரண்டுக்கும் ஒரே பையைத்தான் கொடுப்போம்.”

அந்த ஒரே பைக்கு நம் வேதாகமத்தில் ஒரு பெயர் உண்டு: மாய்மாலம். ஆனால் சிகரெட்டை நிறுத்திய பின்னரும் அந்தக் குற்றச்சாட்டு ஓயவில்லை. உருளைக்கிழங்கு வறுவலும், சர்க்கரை நிறைந்த பானங்களும், சில மாநிலங்களில் மதுவும் இன்னும் விற்கிறார்களே என்றனர் சிலர். 12,000 கோடி டாலருக்கு மேல் வருவாய் உள்ள நிறுவனத்துக்கு 200 கோடி பெரிதன்று, மருத்துவமனைகளோடும் காப்பீட்டாளர்களோடும் வணிகம் பெருக இது நல்ல விளம்பரம் என்றனர் வேறு சிலர். இவ்விரண்டிலும் உண்மை உண்டு.

பலனும் இல்லாமற்போகவில்லை. அக்கடைகளில் மட்டுமே சிகரெட் வாங்கிவந்த குடும்பங்கள், சிகரெட் வாங்குவதையே நிறுத்திவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட 38 சதவீதம் அதிகமாயிருந்தது என்று அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டனர். நோக்கம் கலப்படமானதாக இருந்தாலும், அதனால் சிலருடைய வீட்டில் புகை நின்றது.

எபேசு பட்டணத்தில் மாயவித்தைக்காரர் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்ததை நாம் அறிவோம். அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு என்று லூக்கா எழுதிவைத்தார். அவர்கள் அவற்றை விற்றிருக்கலாம். அந்தப் பணத்தைத் தருமத்துக்கும் கொடுத்திருக்கலாம். தீங்கென்று அறிந்ததை இன்னொருவர் கையில் சேர்க்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. மனந்திரும்புதலுக்கு ஒரு தொகை உண்டு என்பதை அந்தக் கணக்கு நமக்குச் சொல்லுகிறது.

அந்தத் தொகை எல்லாருக்கும் ஒரே அளவாய் இருப்பதில்லை. சிறு கடை நடத்தும் நம் சகோதரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அவர்களுக்கு அது நூறில் இரண்டு பங்குகூட இல்லை, ஐயா. எனக்கோ மூன்றில் ஒரு பங்கு. சிகரெட்டுக்கு வருகிறவர்தான் பாலும் ரொட்டியும் வாங்குகிறார். நான் என்ன செய்ய?”

அவருக்கு நான் கட்டளை எதுவும் கொடுக்கவில்லை. அவருடைய பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை நான் கட்டுவதில்லை. ஆண்டவர் தமது கடினமான வார்த்தைகளை ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தவர்மேல் சொல்லவில்லை; பாத்திரத்தின் வெளிப்புறத்தை மட்டும் சுத்தமாக்கியவர்கள்மேல் சொன்னார் என்பதை மட்டும் நினைப்பூட்டினேன். கதவின்மேல் ‘ஆரோக்கியம்’ என்று எழுதியவருக்கே கணக்கு முதலில் கேட்கப்படும். ஆயினும் ஆயத்துறையில் இருந்தவனும் ஒருநாள் எழுந்து போனான்.

சில வாரங்களுக்குப் பின், இளைஞர் விரும்பி வாங்கும் பழச்சுவை சேர்த்த சிறு சுருட்டுகளை அவர் நிறுத்திவிட்டார். உடனே ஒரு வாடிக்கையாளர், “சிகரெட் மட்டும் புண்ணியமா?” என்று சிரித்தாராம். பெரிய நிறுவனத்தைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வி!

பிரியமானவர்களே, அக்கேள்வி இரண்டு விதமாய்க் கேட்கப்படலாம். அடுத்த அடியை எடுத்துவைக்க உதவுவதற்காகக் கேட்டால் அது அன்பு. முதல் அடியைச் செல்லாததாக்கக் கேட்டால், கேட்கிறவர் தம் இடத்திலிருந்து அசையாமலிருக்கத் தேடும் சாக்கு. முதல் அடி எடுத்தவரும் அதையே நற்சான்றாக மாட்டிக்கொள்ள முடியாது. அபின் வகை வலிநிவாரணிகள் குறித்த வழக்குகளை முடிக்க, தன்மேல் குற்றத்தை ஏற்காமல், சுமார் 500 கோடி டாலர் செலுத்த அதே சிவிஎஸ் 2022-இல் உடன்பட்டது. ஓர் அலமாரியைக் காலியாக்கியவருக்கு இன்னும் அலமாரிகள் உண்டு.

நம் வீட்டு வாசலிலும் ஒரு பெயர் இருக்கிறது. பலர் வசனப் பலகையே மாட்டியிருக்கிறோம். அந்தப் பெயருக்கு ஒவ்வாத எது நமக்கு வருமானமாகவோ இன்பமாகவோ உள்ளே இருக்கிறது? இந்த வாரம் ஓர் அலமாரியைத் திறந்து பாருங்கள். அதன் விலையைக் கணக்கிடுங்கள். பிறகு அந்தக் கடைக்காரச் சகோதரருக்காக ஜெபியுங்கள். பாலும் ரொட்டியும் அவரிடமே வாங்குங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் கதவின்மேல் எழுதியிருப்பதை எங்கள் வீட்டுக்குள்ளும் மெய்யாக்கும். முதல் அடி எடுப்பவரை நகைக்காதபடி எங்கள் நாவைக் காத்தருளும். ஆமென்.